எட்டடிக்கு நாலு விரல் குறைவு

மாமா தையல்காரர். ஊரில் யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது என்று அவரவர் பெண்டாட்டிக்குத் தெரியும் முன்பே மாமாவின் டேப்புக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். இடுப்பில் கொஞ்சம் தாராளமாக விட்டுத் தைத்துவிட்டு, "துணி சுருங்கும்ல, அதான்" என்பார்.

கடைக்குப் பின்னறையில், இஸ்திரி மேஜைக்கு அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மலைப்பாம்பு. வாங்கும்போது நாடா மாதிரி ஒல்லியாக இருந்ததாம், அதனால் பெயரும் நாடா. அப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போன வருஷம்தான் நகராட்சி சட்டம் போட்டது: இனி விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. இருப்பதைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் எட்டடியைத் தொட்டால் விலங்குக் காப்பகத்து வேன் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும்.

நாடா எட்டடிக்கு நாலு விரல் குறைவு.

ஞாயிறுதோறும் மாமா அளப்பார், நான் வாலைப் பிடிப்பேன். நெளியாமல் இருப்பதில் என்னைவிட அது தேவலை. பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

அத்தைக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஃப்ரீசரில் எலிப் பொட்டலம் வைப்பதற்காகவே தினமும் ஒரு சண்டை. அந்த அத்தைதான் ஒருநாள் ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார்.

"ஏங்க, வாங்கின எலியெல்லாம் அப்படியே கெடக்கே?"

"அதுக்குப் பசிக்கல."

"பசிக்கலயா, போடலயா?"

மாமா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். கோக்க வரவில்லை. "தின்னா வளந்துடும்ல," என்றார் மெதுவாக.

"அதுக்காகப் பட்டினி போடுவீங்களா? எனக்கு அந்தச் சனியனப் பிடிக்காது. ஆனா முதுகெலும்பு துருத்திட்டு நிக்குதுங்க. தொட்டுப் பாத்தேன்."

அத்தை, பாம்பைத் தொட்டிருக்கிறார்! வேறு நாளாக இருந்தால் ஒரு வாரம் கிண்டலடித்து ஓட்டியிருப்பேன்.

மாமா பெட்டிக்குள் கைவிட்டார். தொளதொள சட்டையை எவ்வளவு பிடித்துத் தைக்கலாம் என்று பார்ப்பதுபோல் அதன் தோலை இரண்டு விரலால் பிடித்தார். கையில் நிறைய வந்தது. கையை எடுத்துப் பெட்டியை மூடினார். அப்புறம், "ஒரு எலிய வெளிய எடுத்து வையி," என்றார் அத்தையிடம்.

அதற்குப் பிறகு நாடா ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. சதை போட்டது, தோல் உரித்தது, நீண்டது. ஒரு ஞாயிறு, நான் வால்நுனியைக் கைக்குள் லேசாக மடக்கிப் பிடித்தேன்.

"டேய். நேரா பிடி."

"நேராத்தான் மாமா இருக்கு."

"நான் யாருக்கும் பொய் அளவு எடுத்ததில்லடா."

விட்டேன். எட்டடியைத் தொட்டது. மாமாவே போன் செய்தார்.

வேன்காரர் பெட்டியைத் தூக்கும்போது மாமா கேட்டார், "அங்க எடம் இருக்கா?"

"ஏற்கெனவே நெறய வந்து கெடக்கு சார். பாக்கணும்."

மாமா டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றார். அத்தை உள்ளே ஓடி, மிச்சமிருந்த எலிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வேன்காரர் கையில் திணித்தார்.

"போனதும் போட்டுருங்க," என்றார். "பசி தாங்காது."