கைமேல் உட்கார்ந்த பேராசிரியர்

பதற்றம் எனக்குப் பரம்பரைச் சொத்து அல்ல. நானே பாடுபட்டுச் சேர்த்தது. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளி வாத்தியாரின் மகன் டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டான் என்று தோட்டமே மெச்சிக்கொண்டிருந்தது. அங்கே கொழும்பிலோ, நான் கண்ணாடிக் குழாயைத் தொட்டால் அது பூசை மணி மாதிரி கிணுகிணுக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இப்படிக் கை நடுங்குகிற நான் போய் ஒட்டிக்கொண்டது யாரிடம் தெரியுமா? மனிதனுடைய கை எப்படி அசைகிறது, மூளையும் நரம்பும் அதை எப்படி ஆட்டி வைக்கின்றன என்று ஆராய்கிற பேராசிரியரிடம். எலி, பூனையிடம் வேலை கேட்டுப் போன மாதிரி.

அவர் ஹட்டனில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன். சீமையில் பெரிய படிப்புப் படித்து, அங்கேயே இருந்துவிடச் சொன்னவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பாதிக் கருவிகள் தகரத்திலும் சைக்கிள் கம்பியிலும் செய்தவை. மாணவர்களையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். மற்றப் பேராசிரியர்கள், நாம் தடுமாறினால் “தள்ளு” என்று கருவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். இவருக்கும் அந்த அரிப்பு இல்லாமல் இல்லை. அதனால் மாணவன் வேலை செய்யும்போது தம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துவிடுவார். வேலை முடியும்வரை எடுக்கமாட்டார். இப்படி அவர் தொடாமல் வளர்த்த மாணவர்கள் இன்று பல ஊர்களில் பெரிய டாக்டர்கள்.

அந்த வருடம் கூடத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலியானது. எனக்கு அதன்மேல் உயிர்.

“லீவுல நோர்வூட் தோட்டத்துக்கு வாங்க தம்பி,” என்றார். “கொழுந்து பறிக்கிற கையோட அசைவ ஒரே ஒரு தடவ ஒழுங்கா எழுதிக் காட்டுங்க. எடம் ஒங்களுக்குத்தான்.”

எழுதுவது பேனாவால் அல்ல. விளக்குப் புகையில் கறுப்பாக்கிய தாளை ஓர் உருளையில் சுற்றிச் சுழலவிடுவோம். பறிப்பவரின் பெருவிரலில் கட்டிய நூல் ஒரு வைக்கோல் துரும்பை அசைக்கும். துரும்பின் நுனி கரியில் வெள்ளைக் கோடு கீறும். அந்தத் துரும்பைத் தாளின்மேல் பட்டும் படாமலும் சாய்த்துப் பிடிப்பதுதான் என் வேலை. என்னிடம் போய்!

மலைச்சரிவில், தேயிலை நிரையின் ஓரத்தில், கல்லால் முட்டுக் கொடுத்து மேசை போட்டோம். கொழுந்து நிறுக்கும் நேரம்வரைதான் என்ற கண்டிப்போடு கங்காணி ஓர் அக்காவை அனுப்பிவைத்தார். பேராசிரியர் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, வழக்கம்போலக் கைமேல் அமர்ந்தார்.

உருளையைச் சுழலவிட்டேன். ஹட்டனுக்குப் போகிற பாதையின் வளைவெல்லாம் தாளில் வந்து விழுந்தது.

“ஏன் தம்பி, நான் இன்னும் பறிக்கவே இல்லியே. அதுக்குள்ள என்னாத்த எழுதுது?” என்றாள் அக்கா.

“அது காத்துக்கா.”

“காத்தா? ஒரு எல ஆடலியே!”

“காத்து இல்லம்மா, அது தம்பியோட கை,” என்றார் பேராசிரியர். “அதையும் பத்திரமா வைங்க தம்பி. அருமையான நடுக்கம்.”

அடுத்த தாள் கிழிந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. மேலேயிருந்து கங்காணி, “நிறுவைக்கு நேரமாச்சு, வா புள்ள!” என்று கத்தினார். நான் மூச்சை இருமுறை உள்ளே இழுத்துவிட்டு வெளியே விட மறந்துபோனேன்.

“சார், நீங்களே புடிச்சிருங்க சார். இது கடைசித் தாளு.”

“நான் புடிச்சா அது நான் எழுதுனதாயிரும். பதறிக்கிட்டே செய்யுங்க தம்பி, பரவாயில்ல.”

துரும்பைச் சாய்த்தேன். அக்கா பறிக்கத் தொடங்கியவள், திடீரென்று, “ஐயா, காலுல அட்ட!” என்றாள்.

அவருடைய காலுறைக்கு மேலே ஓர் அட்டை சாவகாசமாக ஊன்றிக்கொண்டிருந்தது.

“தட்டிவிடுங்க ஐயா!”

“வேணாம்மா. கைய வெளிய எடுத்தா அது அட்டையப் புடிக்காது, தம்பியோட துரும்பத்தான் புடிக்கும். நீங்க பறிங்க.”

அக்கா சிரித்துக்கொண்டே பறித்தாள். என் கண் அட்டையைவிட்டு நகரவில்லை. அது கத்தரிப்பிஞ்சு மாதிரி உப்பிக்கொண்டே போனது. அவர் ஒரு விரலைக்கூட வெளியே எடுக்கவில்லை. எனக்கும் ஒரு கை இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன். உருளை நின்ற பிறகுதான் தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு கொழுந்துக்கும் ஒரு சின்ன ஏற்றம், ஒரு வெட்டு இறக்கம். பிசிறே இல்லை.

அக்கா இடுப்பிலிருந்த சுண்ணாம்பைத் தொட்டு அட்டைமேல் தடவினாள். அது சுருண்டு விழுந்தது. பேராசிரியர் இரத்தம் வழியும் காலோடு எழுந்து வந்து, தாளில் விழுந்த கோடுகளை வெகுநேரம் பார்த்தார். கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பிய அக்காதான் திரும்பி நின்று கேட்டாள்:

“என்னாங்க ஐயா, தம்பிக்கு வேல கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சும்மா.”

ஆனந்தத்தில் துள்ளிக் குதித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஈர மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தேன். தூறல் விழத் தொடங்கியது. பேராசிரியர் என்னைத் தூக்கிவிட வரவில்லை. குடையை விரித்துத் தாளின்மேல் பிடித்தபடி, நானாக எழுந்திருக்கும்வரை அங்கேயே நனைந்துகொண்டு நின்றார்.