மதீனா பீவி போட மறந்த உப்பு

1966. பம்பாயில் தாராவிக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் வேலையில் இருந்தார் மதீனா பீவி. கழுவச் சேர்ந்தவருக்கு யாரும் எதிர்பாராத ஒரு கைத்திறன் இருந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சுடரில் இளக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு வெடுக்கென்று இழுப்பார். கண்ணுக்கே தெரியாத முனை கிடைக்கும். ஆட்டு இதயத்து இழையில் ஒரே ஒரு செல்லுக்குள் அந்த ஊசியை இறக்கித்தான் அங்கே ஆராய்ச்சி செய்த டாக்டர் பாகீரதி இதயத் துடிப்பின் மின்சாரத்தை அளந்தார்.

"மெஷின் இழுக்கறதெல்லாம் உடையறது மதீனாம்மா. உங்க ஊசிதான் உள்ளே போறது" என்று பம்பாய் மாட்டுங்காவின் அக்ரகாரத் தமிழில் மெச்சிக்கொள்வார் பாகீரதி.

ஒரு நாள் காலை, இழையை மிதக்கவிடும் உப்புக்கரைசலைக் கலக்கும்போது மதீனா பீவியின் மனம் அங்கே இல்லை. தோல் கிடங்கில் வேலை பார்க்கும் கணவர் காசிம், நெஞ்சு தாவுகிறதென்று வீட்டில் படுத்திருந்தார்.

சற்று நேரத்தில், துடிப்பை வரைந்து காட்டும் கருவியின் திரையில் பச்சைக்கோடு தடுமாறியது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே ஓய்ந்து கிடக்க வேண்டிய கோடு தானாக மெல்ல ஏறி, முறை வருமுன்பே ஒரு துடிப்பு துடித்தது. பிறகு இன்னொன்று.

"கரைசல்ல என்ன விட்டுப்போச்சு?" என்று கேட்டார் பாகீரதி.

பாட்டில்களைப் பார்த்த மதீனா பீவிக்கு முகம் வெளிறிவிட்டது. "பொட்டாசியம் போடலம்மா. என் புத்தி வீட்டுலயே கெடக்கு. அவுகளுக்கும் இப்படித்தாம்மா. நாடியப் புடிச்சா நாலு ஒழுங்கா அடிக்கு, அஞ்சாவது முந்திக்கிட்டு குதிக்கி."

பாகீரதி கோபப்படவில்லை. "என்ன மாத்திரை சாப்பிடறார்?"

"நெஞ்சுக்கு ஒண்ணு. கால் வீக்கத்துக்கு, நீர் பிரிய ஒண்ணு."

"நீரோட இந்த உப்பும் போயிடும். அது குறைஞ்சா செல் காத்திண்டிருக்காது, தானே துடிக்க ஆரம்பிச்சுடும். நெஞ்சு மாத்திரையும் சேர்ந்தா ஆபத்து. கிளம்புங்கோ!"

இருவரும் டாக்ஸி பிடித்து, காசிமைச் சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்தில் இருந்தது. காசிம் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார்: "வீக்கம் வெரசா வத்தட்டும்னு நீர் மாத்திரைய மூணு மூணாப் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று கேட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் மதீனா பீவி.

நெஞ்சு மாத்திரையை நிறுத்தி, பொட்டாசியம் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஈ.சி.ஜி. சீரானது. அதன்பின் மாத்திரை டப்பா மதீனா பீவியின் கைப்பையைவிட்டு வெளியே வரவில்லை. மத்தியானம் ஆனால் காசிம் ஆராய்ச்சிக்கூட வாசலில் வந்து நின்று கையை நீட்டுவார். "பச்சப்புள்ளக்கிக் குடுக்க மாதிரிக் குடுக்கா" என்று காவல்காரரிடம் முணுமுணுப்பார். ஆனால் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.