ஸ்ரீஸ்கந்தராசா சொன்ன தாய்

இராஜேஸ்வரி புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றின் பதினாலாம் மாடியில், வேலைக்குப் போய்வந்தபடி தனியே இருந்தார். கணவர் காலமாகிவிட்டார். மகள் லக்சிகா ஒரு மணித்தியாலத் தூரத்தில், விட்பியில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். மகன் மிதுனனுக்கு வயது கூடிப்போனதால் ஸ்பொன்சர் பண்ணி இங்கே எடுக்க முடியவில்லை. அவன் வன்னியிலேயே நின்றுவிட்டான். 2009 ஏப்ரலில் மாத்தளன் கடற்கரைப் பக்கமிருந்து ஒருமுறை போனில் கதைத்தான். மே மாதம் யுத்தம் முடிந்தது. அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அடுத்த ஆண்டு நகரசபைத் தேர்தல் வந்தது. வேட்பாளர் ஸ்ரீஸ்கந்தராசா வாக்குக் கேட்டு வந்தவர், தேத்தண்ணி குடித்து, நெடுநேரம் இருந்து மிதுனனைப் பற்றி விசாரித்தார். மகள்கூட, இவர் அந்தப் பேச்சை எடுத்தால், "அம்மா, உந்தக் கதையை விடுங்கோ" என்பாள்.

"அன்ரி, உங்கட கதையைக் கூட்டத்திலை சொல்லட்டோ?"

இராஜேஸ்வரி ஓம் என்றார். கேட்பவர்களில் யாராவது அவனைக் கண்டிருக்கக்கூடும் என்று நினைத்தார்.

கூட்டத்துக்கு நல்ல சனம். ஸ்ரீஸ்கந்தராசா முதலில் வாடகையைப் பற்றியும் பழுதான லிஃப்ட் பற்றியும் பேசினார். சனம் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மண்டபத்திலை ஒரு தாய் இருக்கிறா. அவவின்ர ஒரே மகன் அந்தக் கடற்கரை மண்ணிலை, அம்மா எண்டு கூப்பிட்டபடி கண்ணை மூடினவன். அந்தத் தாய்க்காக நான் நகரசபைக்குப் போறன்."

யாரோ விம்மினார்கள். கைதட்டல் எழுந்தது. இராஜேஸ்வரி கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"தம்பி, என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டு நான் சொல்லேல்லை. நான் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறன்."

ஸ்ரீஸ்கந்தராசா மைக்கோடு இறங்கி வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"பாத்தீங்களோ? இதுதான் தாய் மனசு. பிள்ளை இல்லையெண்டு அது நம்பாது."

முன்னையதிலும் பெரிதாகக் கைதட்டினார்கள். தான் இனி என்ன சொன்னாலும் அதுவும் ஸ்ரீஸ்கந்தராசாவின் பேச்சாகிவிடும் என்று இராஜேஸ்வரிக்குத் தோன்றியது. மறுபடி கதிரையில் இருந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து பெண்கள் வரிசையாக வந்து துக்கம் விசாரித்தார்கள். இராஜேஸ்வரி முதலில் ஒவ்வொருவருக்கும் அப்படி இல்லையென்று தலையாட்டினார். பிறகு அதையும் விட்டுவிட்டார். வாசலில் ஸ்ரீஸ்கந்தராசாவை மறித்து ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டார்.

"அன்ரி, லிஃப்டைப் பற்றிச் சொன்னால் ஒருத்தரும் அழமாட்டினம்," என்றார் அவர். அவருடைய கண்களும் கலங்கித்தான் இருந்தன.

அவர் வென்றார். பிறகு பதினாலாம் மாடிக்கு வரவில்லை. லிஃப்டில் ஏறுகிற தெரிந்தவர்கள், இராஜேஸ்வரியைக் கண்டதும் செத்தவீட்டில் போலக் குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு ஞாயிறு லக்சிகா தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அம்மா, அண்ணாவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யேல்லையோ எண்டு கோயிலிலை கேக்கினம்."

"வேண்டாம்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காணாமற்போனவர்களைப் பதிகிற அலுவலகத்துக்கு மறுபடியும் போன் எடுத்தார். மறுமுனையில் பேசிய பெண் கவலைப்படவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. மகனுடைய பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். இராஜேஸ்வரி யன்னலோரம் நின்று ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல் சொன்னார்.