அக்கா ஜெபிக்க வந்த நாள்

அக்காவின் நினைவுக் கூட்டத்தில், நோயாளிகளுக்காகவே வாழ்ந்தவள் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். கல்யாணம்கூட வேண்டாமென்று ஊழியத்துக்குப் போனவள்தான்.

அம்மா பக்கவாதத்தில் கிடந்தபோது ஒரே ஒரு முறை வந்தாள். அம்மா நனைந்த விரிப்பில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் தலையில் கைவைத்து, கண்ணை மூடி, ஊர் உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஜெபிக்கத் தொடங்கினாள்.

“அக்கா, இடுப்பைப் பிடி. விரிப்பை உருவணும்.”

“ஜெபத்துல இருக்கேன்டி.”

முடிகிற வழியாக இல்லை. அம்மாவே பொறுக்கமாட்டாமல், “ஆமென், ஆமென்” என்று குழறினாள். அக்கா பூரித்துப்போய்ப் பையை எடுத்தாள்.

“அங்க எனக்காக எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா?”

“இங்கயும் ஒருத்தி ஈரத்துல காத்திருக்கா.”

அவள் போய்விட்டாள். நான் தனியாகவே அம்மாவைப் புரட்டி விரிப்பை மாற்றினேன்.

கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். “அக்கா நல்லா ஜெபம் பண்ணுவா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.