மேலே போன காற்று

அன்று காலை பத்து மணிக்குத் தையல்காரி தலையை அண்ணாந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. ஓடுகிற மின்விசிறியின் இறக்கைகளை உட்கார்ந்தபடியே எண்ண முடிகிறதென்றால் அதற்குப் பெயர் ஓடுவதா?

நெற்றியிலிருந்து இறங்கிய வியர்வைத் துளி ஒன்று மூக்கு நுனிக்கு வந்து, மடியில் கிடந்த வெள்ளைச் சட்டைமேல் விழப் பார்த்தது. சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மொத்தம் பதினைந்து சட்டைகள். நூல் ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் சேர்ந்து ஒரு கால்பந்து அணி ஆரம்பித்திருந்தார்கள். மறுநாள் அவர்களுக்கு முதல் போட்டி. மாலை ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாக அணித்தலைவி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒன்பது முடிந்துவிட்டது, ஆறு பாக்கி. வியர்வைக் கறை பட்ட சட்டையை எந்த முகத்தோடு நீட்டுவது?

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வருஷமாக இந்த முன்னறைதான் அவளுடைய கடை. கையில் எடுத்த வேலையை முடிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் அவளுக்கு வைத்த பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. கல்யாணமான புதிதில், தையல் மெஷின் ஓயாமல் நூலை அறுக்கிறதென்று ஒரு மத்தியானம் அதைத் திருகு திருகாகக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பிவிட்டாள். வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் சாப்பிட்டு எழுவதற்குள் எல்லாவற்றையும் பூட்டி, ஒரு தலையணை உறையும் தைத்துக் காட்டினாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு மின்சாரம் என்றால் மட்டும் குலை நடுக்கம். சின்ன வயதில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டு வாங்கிய அதிர்ச்சி இன்னும் முழங்கைவரை ஞாபகமிருந்தது. அதனால்தான் மூன்று வாரமாக எலெக்ட்ரீஷியனுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள். அவரும் தினமும் “நாளைக்கு வந்துடறேங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அதைச் சொல்லக்கூட போனை எடுக்கவில்லை.

“போதும்” என்று எழுந்தவள், வெளியூரில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் தன் தம்பியை அழைத்தாள்.

“டேய், எங்க வீட்டு ஃபேன் நடக்குதுடா. ஓட மாட்டேங்குது.”

“பக்கத்து ரூம் ஃபேன் எப்படி?”

“அது பறக்குது.”

“அப்போ கரண்ட்டுல குறையில்ல. ரெகுலேட்டரு?”

“அஞ்சுலதான் இருக்கு. குறைச்சா இன்னும் மெதுவாகுது.”

“அதுவும் வேலை செய்யுது. சரி, ஆஃப் பண்ணிட்டுக் கையால சுத்திப் பாருக்கா. இறுக்கமா இருக்கா, கரகரன்னு சத்தம் வருதா பாரு.”

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து சாய்ந்திருந்த கணவரை எழுப்பி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். சுவிட்சை அணைத்துவிட்டு ஏறி ஒரு இறக்கையை லேசாகத் தள்ளினாள். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இரண்டு மூன்று சுற்றுப் போய் நின்றது.

“வெண்ணெய் மாதிரி சுத்துதுடா!”

“அப்போ பேரிங் நல்லா இருக்கு. கண்டென்சர்தான் போயிருக்கு. அது வீக்கானா மோட்டாருக்குத் தெம்பே இருக்காது. மேல கிண்ணம் மாதிரி மூடி இருக்குல்ல, அதுக்குள்ள தீப்பெட்டி சைஸுல இருக்கும். அதே நம்பர்ல புதுசு வாங்கிப் போட்டுடு.”

“நானா?”

“மெஷினையே பிரிச்சு மாட்டினவதானே நீ? மெயினை இறக்கிடு. டெஸ்டர் வெச்சுப் பாரு. கழட்டறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால அதோட ரெண்டு முனையையும் ஒண்ணாத் தொட்டுடு, உள்ள மிச்சம் மீதி கரண்ட் இருந்தா போயிடும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்! மெயின் சுவிட்சை இறக்கினாள். இறங்கியிருக்கிறதா என்று மூன்று முறை போய்ப் பார்த்தாள். ஸ்டூலில் ஏறி டெஸ்டரை வைத்தாள். விளக்கு எரியவில்லை. மூச்சு வந்தது.

“எவ்வளவு நெரிசல்லயும் எனக்குக் கை நடுங்கினதில்ல. இப்போ கால் நடுங்குது” என்றார் கீழே இருந்தவர்.

“கால் நடுங்கினா பரவாயில்லங்க. ஸ்டூல் நடுங்காம பாத்துக்குங்க.”

மூடியைத் தளர்த்திக் கீழே இறக்கியதும் கண்டென்சர் தெரிந்தது. ஒரு பக்கம் உப்பி, பல்வலிக்காரரின் கன்னம் போலிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. “இதோ இருக்கான் திருடன்!” என்று கத்தியேவிட்டாள். ஸ்க்ரூ டிரைவரால் முனைகளைத் தொட்டாள். எந்த ஒயர் எந்தப் பக்கம் என்று மறக்காமலிருக்க, கண்டென்சரின் ஒரு காலில் சிவப்பு நூலும் மறுகாலில் நீல நூலும் கட்டினாள். கழற்றி எடுத்துக்கொண்டு, செருப்பு சரியாக மாட்டியும் மாட்டாமலும் தெருமுனைக் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “என்னங்க நூலெல்லாம் சுத்தியிருக்கு? நம்பரே தெரியல” என்று இரண்டையும் அறுத்துப் போட்டார். “ரெண்டரை. இந்தாங்க, புதுசு.”

வீட்டுக்கு வந்து ஸ்டூலில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடையாளத்தை ஒயரில் அல்லவா கட்டியிருக்க வேண்டும்? வீட்டிலிருந்து வரும் ஒயர் ஒன்று, மோட்டாரிலிருந்து வருவது இரண்டு. அந்த இரண்டில் எதோடு வீட்டு ஒயரைச் சேர்ப்பது? தம்பியின் போன் அணைந்திருந்தது. மணியோ பன்னிரண்டே முக்கால்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து முறுக்கி, டேப் சுற்றி, மூடியை ஏற்றிவிட்டு இறங்கினாள். கணவர் மெயினைப் போட்டார். இவள் சுவிட்சைத் தட்டினாள்.

மின்விசிறி சுழன்றது. பாய்ந்து சுழன்றது! இறக்கைகள் கலந்து ஒரு வட்டமே ஆகிவிட்டது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். குதித்து முடித்த பிறகுதான், உடம்பில் காற்றே படவில்லை என்பது தெரிந்தது. அலமாரிக்கு மேலே கிடந்த பழைய அளவுக் காகிதங்கள் மட்டும் படபடத்தன. அங்கே பல வருஷமாகக் குடியிருந்த தூசி கிளம்பி ஓட்டுநரின் தலையில் இறங்கியது.

“எக்ஸ்பிரஸ், நீ மாட்டினதுல காத்து மாடி வீட்டுக்குப் போகுது” என்றார் அவர், தும்மிக்கொண்டே.

அவள் சட்டைகளைப் போர்வையால் மூடிவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினாள். அங்கே மின்விசிறி இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்று விரலால் காற்றில் வட்டம் போட்டுப் பார்த்தாள். வட்டத்தைக் கலைக்காமல் அப்படியே விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். இங்கே எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது!

“புரிஞ்சுபோச்சுங்க! கண்டென்சர்ல தப்பில்ல. நான்தான் ஒயரை மாத்திக் குடுத்துட்டேன். ரிவர்ஸ்ல போகுது, உங்க வண்டி மாதிரி!”

மறுபடியும் மெயின், டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், ஸ்டூல். இந்த முறை மெயினை ஒரே ஒரு தடவைதான் போய்ப் பார்த்தாள். வீட்டு ஒயரை மற்றதோடு சேர்த்து முறுக்கும்போது ஒரு பாட்டுகூட முணுமுணுத்தாள்.

சுவிட்சைத் தட்டினாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. அடுத்த நொடி காற்று அவள் உச்சந்தலையில் இறங்கியது. நெற்றி குளிர்ந்தது. மேசைமேலிருந்த சாக்பீஸ் தூள் பறந்தது, சட்டை முதுகில் தைக்க அச்சாக எண்கள் வெட்டிவைத்த காகிதங்கள் அறை முழுக்கச் சிதறின. ஏழும் பதினொன்றும் ஜன்னலைப் பார்த்துப் பறந்தன. “பிடிங்க, பிடிங்க!” என்று அவள் சிரித்துக்கொண்டே துரத்த, கணவர் நான்காம் எண்ணை வயிற்றோடு அணைத்துப் பிடித்தார்.

அதன் பிறகு மெஷின் நிற்கவே இல்லை. கழுத்துப் பட்டி, கை, ஓரம், முதுகில் எண் என்று ஒவ்வொன்றாக முடிந்தன. மணி ஐந்து ஐம்பதுக்குக் கடைசிச் சட்டையின் கடைசி நூலைக் கத்தரித்தாள்.

அணித்தலைவி தனியாக வரவில்லை. பொறுக்க மாட்டாமல் பதினைந்து பேரும் ஆலையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். முன்னறையில் நிற்க இடமில்லை. அவரவர் தங்கள் எண்ணைத் தேடி எடுத்து, உடுத்தியிருந்ததற்கு மேலேயே மாட்டிக்கொண்டு, காற்றில் சட்டை உப்பிப் படபடக்க ஒருவரையொருவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

“அக்கா, நாளைக்கு நீங்க கட்டாயம் வரணும்” என்றாள் தலைவி.

“எனக்குக் கால்பந்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதேம்மா.”

“எங்களுக்கே மூணு மாசமாத்தான் தெரியும்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தையல்காரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதற்குள் சட்டைப்பையிலிருந்து டியூட்டிச் சீட்டை எடுத்து, நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று தேடத் தொடங்கியிருந்தார்.