பொடி எழுத்துப் புத்தகம்

பொன்னேரியில் நான் வேலை பார்க்கும் புத்தகக் கடைக்கு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் வருவார். உப்புக்காற்றில் வெளுத்த தலைமுடி, வலைக்கயிறு அறுத்துத் தழும்பேறிய விரல்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்த அவர் மகள், இங்கே டாக்டராவதற்கு எழுத வேண்டிய தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர் வந்து, பெத்தாலஜிக்கு வேறொரு புத்தகம் வாங்குவார்.

அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, வரிகளின் மேல் விரல்நுனியை வைத்துப் பார்ப்பார். இருப்பதிலேயே பொடி எழுத்தாக உள்ளதை எடுப்பார்.

"வலைக்கண்ணு சின்னதா இருந்தாதான் ஒண்ணும் தப்பிச்சுப் போவாதுபா" என்பார்.

கடைசியாக வந்தபோது கேட்டேன். "பாப்பாவே வந்து பார்த்து வாங்கலாமே, அண்ணா?"

"அது வூட்ட வுட்டே வெளிய வர்றதில்ல."

"போன தபா வாங்கினது நல்லா இல்லியா?"

"அது இன்னும் கவரே பிரிக்கல."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த புத்தகத்தின் வரிமேல் விரலை வைத்தார். "இத்தவிட பொடிசா கீதாபா?"

"இல்லண்ணா" என்றேன். மேல்தட்டில் ஒன்று இருந்தது; என் கண் ஒரு கணம் அங்கே போய்த் திரும்பியது.

கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, அவர் அந்த மேல்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.