சாடியைக் காட்டிய விரல்

ஈப்போ சந்தையில் இன்று ஒருவர் கண்ணாடிச் சாடியைத் திறந்தார். உப்பில் உலர்த்திய ஆசாம்போய்ப் பழத்தின் வாசனை, சுங்காய்ப் பக்கம் இப்போது செம்பனை நிற்கும் இடத்தில் அன்றிருந்த ரப்பர்த் தோட்டத்துக் கடைக்கு என்னை இழுத்துச் சென்றது. கருவாடும் சாக்கும் புளித்த ரப்பர்ப்பாலும் மணக்கும் அந்தக் கடையில், காது கேளாத என் தங்கை வள்ளிக்காக எப்போதும் நான்தான் பேசுவேன். சனிக்கிழமைதோறும் அவளுக்குத் தேங்காய் பிஸ்கட் வாங்குவேன். அது எனக்குப் பிடித்த பிஸ்கட் என்பது தற்செயல்.

ஒருநாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகள் சகுந்தலா வள்ளியின் முன் குந்தி, கைகளை அசைத்து ஏதோ கேட்டாள். வள்ளியின் விரல் ஆசாம்போய்ச் சாடியைக் காட்டியது.

“அவளுக்கு பிஸ்கட்டே பிடிக்காதாம். நீ ஒருநாளாச்சும் கேட்டியாடா?” என்றாள் சகுந்தலா.

“பெரிய அண்ணன்லா இவரு!” என்று கடைக்காரர் சிரித்தார்; சகுந்தலாவும் சேர்ந்துகொண்டாள்.

அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததைத்தான் நான் மன்னிக்கவில்லை.

பிறகு சகுந்தலா காது கேளாதோருக்கு ஆசிரியையானாள். மருத்துவமனைகளில் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டுமென்று அவள் எழுதிய மனு, சுகாதார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் மேசைக்கு வந்தது. மூன்று நகல் இல்லையென்று திருப்பினேன். விதி இரண்டுதான் கேட்கிறது என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்த அலுவலகத்தில் இல்லை.

மறுநாள் மூன்றாவது நகலை வள்ளியே கொண்டுவந்து வைத்து, என்னைப் பார்த்துக் கைகளை அசைத்தாள்.

பின்னால் நின்ற சகுந்தலாவிடம், “என்ன சொல்றா?” என்றேன்.

“அண்ணனுக்கு இன்னும் எத்தனை போட்டோகாப்பி வேணும்னு கேக்குறா.”

என் தங்கை என்னைத் திட்டுவதைக்கூட இவள்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.